கவலை ஓட்டிய கிணறும் ஆயிரம் அடி போரும்



மல்லசமுத்திரம், திருச்செங்கோடு பக்கத்துத் தோட்டங்களில் பழைய கிணற்று மேட்டில் இரண்டு கல் தூண்கள் இன்னும் அங்கங்கே நிற்கின்றன. அவற்றைப் பார்த்து, "இது என்னத்துக்குங்க அப்பாரு?" என்று பேரன் கேட்டால், பதில் சொல்லத் தெரிந்தவர்கள் இனி ரொம்ப வருஷம் இருக்க மாட்டார்கள். அதனால் அந்தக் கல்லில் இருந்தே ஆரம்பிப்போம்.

அது கவலை ஓட்டிய கல். ஒரு ஜோடி மாடு, ஒரு வடம், ஒரு சால். சாலின் அடியில் தோலைத் தைத்துக் குழாய் மாதிரி தொங்கவிட்டிருப்பார்கள். மாடு சரிவில் இறங்கினால் சால் மேலே வரும். தோல் வாய் தொட்டியில் விழுந்து தண்ணீர் வாய்க்காலுக்குப் போகும். மாடு பின்னாலேயே நடந்து மேட்டுக்கு வந்தால் சால் மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். விடியுமுன் பூட்டினால் வெயில் ஏறும் வரைக்கும் இதே வேலை. ஒரு ஜோடி மாட்டுக்கு நாளைக்குக் கால் ஏக்கர் நனைவதே பெரிது.

கிணற்றின் ஆழம் முப்பது நாற்பது அடியைத் தாண்டினால் மாடு மாளாது. கோடையில் தண்ணீர் கீழே போய்விட்டால் கவலையை நிறுத்திவிட வேண்டியதுதான். ராத்திரி பூராவும் கிணறு ஊறும். காலையில் எவ்வளவு ஊறியிருக்கிறதோ அவ்வளவுதான் இறைப்பு. அந்தக் காலத்து ஆட்கள் எல்லாரும் தண்ணீரைச் சேமிக்கும் ஞானிகள் என்று நான் சொல்ல வரவில்லை. மாட்டுக்கு மூச்சு வாங்கியது, கிணறு பிழைத்தது. அவ்வளவுதான் விஷயம்.

பழைய காலத்தைச் சொர்க்கம் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஒத்துவராது. 1876 முதல் 1878 வரை வந்த தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா பட்ட பாடு சரித்திரத்தில் இருக்கிறது. அதற்கு ஐம்பது வருஷம் கழித்தும் இங்கே வானம் பார்த்த பூமிதான் பெரும்பாலும். கம்பும் சோளமும் விதைத்து அறுத்தால், மீதிப் பாதி வருஷம் ஜனங்களுக்கு வேலை கிடையாது. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925-ம் வருஷம் காந்தி ஆசிரமம் ஆரம்பித்ததற்கு இந்த வறட்சியும் ஒரு காரணம். மழை தவறினாலும் ராட்டையில் நாலு காசு வரட்டும் என்பது அவர் கணக்கு. கிணற்றில் நிறையத் தண்ணீர் வேண்டும் என்று நம் பாட்டன்மார் ஆசைப்பட்டதில் ஒரு குற்றமும் இல்லை.

ஆசை நிறைவேறவும் செய்தது. மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது. 1937-ல் அங்கே மின்சாரம் எடுத்தார்கள். கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் மோட்டாரும் பம்பும் செய்ய ஆரம்பித்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு கம்பம் ஊர் ஊராக நடந்தது. லைன் வராத இடத்தில் ஆயில் இஞ்சின். 1960-களில் புது விதைகள் வந்தன. தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 என்ற நெல்லுக்கு ஜனங்கள் 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். வானொலியில் கேட்டு விதைத்த நெல் அது. இங்கே நம் பக்கம் மஞ்சளும் கரும்பும் பருத்தியும் குச்சிக்கிழங்கும் தோட்டத்துக்குத் தோட்டம் ஏறின. ஓட்டு வீடு வந்தது, பிள்ளைகள் காலேஜுக்குப் போனார்கள். அந்தப் பணம் கிணற்றில் இருந்து வந்த பணம்தான்.

மின்சாரக் கட்டணத்துக்காக நடந்த போராட்டத்தையும் சொல்லாமல் போகக்கூடாது. 1970-ல் யூனிட்டுக்கு ஒரு பைசா என்றாலும் விடமாட்டோம் என்று கொங்கு விவசாயிகள் எழுந்தார்கள். 1972-ல் கோயம்புத்தூர் வீதிகளை மாட்டு வண்டிகள் நிறைத்தன. நாராயணசாமி நாயுடு பெயர் மூலை முடுக்கெல்லாம் தெரிந்தது அப்போதுதான். உயிரையும் கொடுத்த போராட்டம் அது. 1984-ல் சிறு விவசாயிகளுக்கு இலவசம் என்றார்கள். 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் என்றார்கள். விளைபொருளுக்கு விலை கட்டாத நாட்டில் விவசாயி வேறு எதைக் கேட்பான்? அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று நடந்தது. மீட்டர் இருந்த வரைக்கும் போன மாசம் எவ்வளவு இறைத்தோம் என்று ஒரு காகிதம் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொண்டிருந்தது. மாடும் போய், மீட்டரும் போன பிறகு, போதும் என்று சொல்ல யாருமில்லை.

கிணறு கீழே போக ஆரம்பித்தது. நாற்பது அடி அறுபது ஆனது, வெடி வைத்து நூறு ஆனது. அடியில் படுக்கையாகப் பக்கவாட்டு போர் போட்டார்கள். அதுவும் வற்றியபோது கிணற்றுக்குள்ளேயே செங்குத்தாகத் துளை போட்டார்கள். பிறகுதான் ரிக் வண்டி.

இந்த வண்டிக்கு ஒரு கதை இருக்கிறது. 1966, 67-ல் பீகாரில் பெரிய வறட்சி. கிணறுகள் வற்றி, குடிக்கத் தண்ணீர் இல்லை. காற்றழுத்தத்தால் பாறையைக் குத்திக்கொண்டே இறங்கும் இயந்திரங்களை ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியான யுனிசெஃப் 1967-ல் கொண்டு வந்து இறக்கியது. மாசக்கணக்கில் வெடி வைத்து வெட்டுகிற பாறையை ஒன்றிரண்டு நாளில் துளைத்துவிடும். குடிதண்ணீருக்காக வந்த இயந்திரம். நம் தென்னாட்டுப் பாறைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்திவிட்டது. லாரித் தொழிலில் கை தேர்ந்த திருச்செங்கோட்டுக்காரர்கள் அதைச் சும்மா விடுவார்களா? 1970-களுக்குப் பிறகு அந்தத் தொழில் அங்கே வளர்ந்து, இன்றைக்கு இந்தியாவில் எந்த மாநிலத்தில் போர் போட்டாலும் வண்டியில் திருச்செங்கோடு என்று எழுதியிருக்கும். ஆப்பிரிக்கா வரைக்கும் வண்டி போயிருக்கிறது. வறண்ட மண்ணில் பிறந்த பிள்ளைகள் உலகத்துக்கே தண்ணீர் தேடிக் கொடுக்கிறார்கள் என்றால் அது பெருமைதான். அந்த வண்டியில் வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். அதே வண்டி நம் தோட்டத்துக்கும் வந்தது. 300 அடி, 600 அடி, இப்போது ஆயிரத்தையும் தாண்டி.

இனி பூமிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நம்முடையது பாறை நாடு. மேலே மண், அதற்குக் கீழே சுக்கான் மாதிரி இளகின பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. இளகின பாறை ஊறின பஞ்சு மாதிரி. வருஷா வருஷம் பெய்கிற மழை இறங்கித் தங்குவது அங்கேதான். நம் பாட்டன் வெட்டிய கிணறு எட்டியதும் அந்த மட்டத்தைத்தான். கெட்டிப் பாறைக்குள் வெடிப்புகளில்தான் தண்ணீர் உண்டு. ஆழம் போகப் போக வெடிப்பும் குறையும். அந்த வெடிப்புத் தண்ணீர் மெள்ள மெள்ளக் கசிந்து, பல காலமாகச் சேர்ந்தது. ஒரு தலைமுறை இறைத்தால் மறுபடி சேர எத்தனை தலைமுறை ஆகுமோ.

இந்த வித்தியாசத்தைத் தெளிவாக எழுதி வைத்த ஒரு தமிழர் இருக்கிறார். ஜே.சி. குமரப்பா. தஞ்சாவூரில் 1892-ல் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்து, பிறகு கோட்டைக் கழற்றிவிட்டு காந்தியோடு சேர்ந்தவர். 1934-ல் ஆரம்பித்த அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவில் நடத்தினார். ஜபல்பூர் சிறையில் இருந்தபோது எழுதிய புத்தகத்தில், நிலைத்து நிற்கிற பொருளாதாரம் எது, கரைந்து போகிற பொருளாதாரம் எது என்று விளக்கினார். 1945-ல் காந்தியின் முன்னுரையோடு அது வந்தது. கடைசிக் காலத்தை மதுரைப் பக்கம் கல்லுப்பட்டியில் கழித்து, 1960 ஜனவரி 30-ம் தேதி காலமானார். காந்தி இறந்த அதே தேதி.

அவர் சொன்னது சுருக்கமாக இதுதான். உலகத்தில் இருக்கிற பொருள்கள் இரண்டு வகை. நிலக்கரி, பெட்ரோல் மாதிரி, தொட்டியில் ஒரே தடவை நிரப்பி வைத்தவை ஒரு வகை, எடுத்தால் குறையும். ஆறு, காற்று, காடு, பயிர் மாதிரி ஓடிக்கொண்டே இருப்பவை இன்னொரு வகை. வரத்துக்குள் எடுத்தால் குறையாது. தொட்டியை நம்பி வாழ்கிறவர்கள் கடைசியில் தொட்டிக்காகச் சண்டை போடுவார்கள் என்றும் எழுதினார். அப்போது பெரிய பொருளாதார நிபுணர்கள் இதைக் கண்டுகொள்ளவில்லை. 1973-ல் எண்ணெய் விலை ஏறி உலகமே தவித்த வருஷத்தில், ஷூமாக்கர் என்ற ஜெர்மானியர் 'சிறியதே அழகு' என்று பொருள்படும் புத்தகத்தை எழுதினார். அதில் குமரப்பாவை எடுத்துக் காட்டினார். உள்ளூர்ச் சரக்கு வெளியூர் போய் வந்தால்தான் நமக்கு மதிப்புத் தெரியும் போலிருக்கிறது.

அவர் கணக்கை நம் தோட்டத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். நாமக்கல் பக்கம் வருஷ மழை 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான். ஒரு ஏக்கரில் விழுகிற மழை ஏறக்குறைய 28 லட்சம் லிட்டர். கேட்க நிறையத்தான் இருக்கிறது. ஆனால் பாறை நாட்டில் பத்தில் ஒரு பங்கு பூமிக்குள் இறங்கினாலே ஜாஸ்தி. ஆக, ஏக்கருக்கு வருஷத்துக்கு 2 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர் நமக்கு வரவு என்று வைத்துக்கொள்வோம்.

செலவு என்ன? ஒரு ஏக்கர் கரும்புக்கு வருஷத்துக்கு 80 லட்சம் லிட்டர் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். மழையே 20 லட்சம் கொடுத்துவிட்டது என்று தாராளமாகக் கழித்தாலும், மீதி 60 லட்சத்தைக் கிணறுதான் கொடுக்க வேண்டும். வரவையும் செலவையும் வகுத்துப் பாருங்கள். ஒரு ஏக்கர் கரும்பு, 20 ஏக்கருக்கு மேல் விழுந்து ஊறின தண்ணீரைக் குடிக்கிறது. உங்களிடம் 20 ஏக்கர் இருக்கிறதா? இல்லை என்றால் அந்தத் தண்ணீர் பக்கத்துத் தோட்டத்து மழை. அதுவும் போதாவிட்டால் தாத்தா காலத்து மழை. கரும்பு போடாதீர்கள் என்று சொல்ல நான் யார்? ஏரிக்குக் கீழே, ஆற்றோரத்தில் இருப்பவர் கணக்கு வேறு. மேட்டுக்காட்டில் போர் தண்ணீரில் கரும்பு போடுகிறவர் கணக்கு இதுதான். கடலைக்கும் பருத்திக்கும் இதில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். அதிலும் பெரும்பங்கை நல்ல வருஷத்து மழையே கொடுத்துவிடும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு குடம் தண்ணீரை 50 அடியில் இருந்து தூக்க எவ்வளவு கரண்ட் ஆகுமோ, 600 அடியில் இருந்து தூக்க அதைப்போல 12 மடங்கு ஆகும். நம் கையில் இருந்து காசு போகாததால் இது தெரிவதில்லை. ஆனால் அந்த மின்சாரம் எங்கேயோ நிலக்கரியை எரித்து வருகிறது. தொட்டித் தண்ணீரை எடுக்கத் தொட்டிக் கரியை எரிக்கிறோம். சூரியசக்தி மோட்டாரில் கரி மிச்சமாகும். தண்ணீர் மிச்சமாகாது, கிணறு மேலே வராது.

போர் போடுகிற வீட்டில் நடப்பது உங்களுக்கே தெரியும். நகை வங்கிக்குப் போகும், தேங்காய் உருட்டிப் பார்ப்பார்கள், விடிய விடிய வண்டி ஓடும். புழுதி வந்தால் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். தண்ணீர் வந்தால் பக்கத்துத் தோட்டத்தில் பேசமாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் போர் நின்றுவிட்டது. அடுத்த வருஷம் அவர் நூறு அடி கூட்டிப் போடுவார். அண்ணன் தம்பிக்குள்ளேயே இது நடக்கிறது. வளர்ச்சி என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பதில் பாதி, ஒருவர் வாய்க்காலில் இருந்து இன்னொருவர் வாய்க்காலுக்குப் போன தண்ணீர். தண்ணீர் வராத துளையை மூடாமல் விட்டு, அதில் குழந்தைகள் விழுந்த கொடுமையும் நம் மாநிலத்தில் நடந்திருக்கிறது. 2019 அக்டோபரில் மணப்பாறைப் பக்கத்தில் நடந்ததை நாடே பார்த்தது.

சட்டம் போட்டுத் தடுக்கலாமே என்பீர்கள். தமிழ்நாட்டில் 2003-ல் நிலத்தடி நீருக்கு ஒரு சட்டம் போட்டார்கள். அது நடைமுறைக்கு வராமலே பத்து வருஷம் கிடந்து, 2013-ல் ரத்தானது. மாநிலத்தில் 20 லட்சத்துக்கு மேல் பம்புசெட்டுகள். எத்தனை அதிகாரி போய் எத்தனை கிணற்றை எட்டிப் பார்ப்பார்?

எட்டிப் பார்க்க வேண்டியவர்கள் ஊர்க்காரர்கள்தான். மகாராஷ்டிரத்தில் அகமது நகர் ஜில்லாவில் (இப்போது அகில்யா நகர் என்கிறார்கள்) ஹிவ்ரே பஜார் என்று ஒரு கிராமம். நம் மழையில் பாதியைக் கொஞ்சம் தாண்டினால் அதுவே அவர்களுக்கு நல்ல வருஷம். ஜனங்கள் பிழைக்க ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். 1989-ல் போபட்ராவ் பவார் ஊர்த் தலைவரானார். குன்றில் வரப்பும் குழியும் வெட்டினார்கள், ஓடையில் தடுப்புப் போட்டார்கள். அதை எல்லா ஊரிலும்தான் செய்கிறார்கள். அந்த ஊர் செய்த புது வேலை வேறு. பாசனத்துக்கு ஆழ்குழாய்க் கிணறு போடக்கூடாது என்று தாங்களே தீர்மானித்தார்கள். கரும்பும் வாழையும் வேண்டாம் என்றார்கள். வருஷா வருஷம் மழையை அளந்து, கிணற்று மட்டத்தை அளந்து, கிராம சபையில் வரவு செலவு மாதிரி வாசிக்கிறார்கள். மழை குறைவு என்றால் எந்தப் பயிர், எத்தனை போகம் என்று அங்கேயே முடிவு. போனவர்கள் பலர் திரும்பி வந்தார்கள். அங்கே நிலம் ஒரே குன்றின் மடியில் இருக்கிறது, ஊரும் சின்னது. நமக்கோ தோட்டத்துக்கு ஒரு வீடு, திக்குக்கு ஒரு ஓடை. அதை அப்படியே இங்கே இறக்க முடியாது என்பது எனக்கும் தெரியும்.

அது ஏழை ஊர், வேறு வழியில்லை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு பணக்கார ஊரைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஒகல்லாலா என்று எட்டு மாநிலங்களுக்கு அடியில் பரந்து கிடக்கிற நிலத்தடி நீர். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு மோட்டார் வைத்து இறைத்து இறைத்து, கான்சாஸ், டெக்சாஸ் பக்கம் பல இடங்களில் வற்றி, மறுபடி மானாவாரிக்கே திரும்பியிருக்கிறார்கள். கான்சாஸில் ஷெரிடன் என்ற பகுதியில் விவசாயிகளே கூடிப் பேசி, 2013 முதல் ஐந்து வருஷத்துக்கு இறைப்பை ஐந்தில் ஒரு பங்கு குறைப்பது என்று ஒப்புக்கொண்டார்கள். குறைத்தார்கள். மகசூல் கொஞ்சம் குறைந்தது. செலவும் குறைந்ததால் கையில் நின்ற லாபம் அதிகம் மாறவில்லை. ஐந்து வருஷம் முடிந்ததும் மறுபடியும் தொடரலாம் என்றார்கள்.

சொட்டுநீர் போட்டுவிட்டோமே, போதாதா என்று கேட்பீர்கள். சிறு குறு விவசாயிக்கு முழு மானியம் கிடைக்கிறது, அவசியம் போடுங்கள். ஆனால் ஒரு ஏக்கர் பாய்ந்த தண்ணீர் இரண்டு ஏக்கர் பாய்கிறது என்று இன்னொரு ஏக்கரை உழுதுவிட்டால், மிச்சமான தண்ணீர் எங்கே மிஞ்சியது? மிச்சம் என்றால் அது கிணற்றிலேயே கிடக்க வேண்டும்.

நம் ஊர்ப் பெயரிலேயே சமுத்திரம் இருக்கிறது. பெரிய ஏரியைச் சமுத்திரம் என்று சொல்வது பழைய வழக்கம். ஏரி நிரம்பினால் சுற்று வட்டாரக் கிணறுகள் ஊறும். ஊரே கூடி வாய்க்காலைச் செப்பனிடுவதற்குக் குடிமராமத்து என்று பேர் இருந்தது. 2017-ல் அரசாங்கம் அதே பேரில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஏரி வண்டலை முறைப்படி அனுமதி வாங்கி எடுத்து வயலுக்குப் போடுங்கள். ஏரியும் ஆழமாகும், மண்ணும் தேறும். ஏரியைவிட ஏரிக்கு வருகிற வாய்க்கால்தான் முக்கியம். அதில் பாதிக்கு இப்போது வீடு இருக்கிறது, யார் வீடு என்றும் ஊருக்குத் தெரியும். திருமணிமுத்தாறு இன்னொரு துக்கம். சேர்வராயன் மலையில் இருந்து இறங்கி, சேலத்துக்குள் புகுந்து, நகரத்துச் சாக்கடையையும் சாயத் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு நம் பக்கம் வருகிறது. அந்தத் தண்ணீர் இறங்குகிற கிணற்றில் மட்டம் மேலே இருந்து என்ன பிரயோஜனம்? பயிரும் மாடும் தாங்க வேண்டுமே. இதற்குத் தனி விவசாயி ஒன்றும் செய்ய முடியாது. ஊராட்சிகள் சேர்ந்து கேட்டால்தான் உண்டு.

தனி விவசாயி செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, செலவும் இல்லை. ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் ஒரு கல்லைக் கட்டிக்கொள்ளுங்கள். திறந்த கிணறு இருப்பவர்கள் ஐப்பசி மழை முடிந்ததும் ஒரு தடவை, தையில் ஒரு தடவை, சித்திரையில் ஒரு தடவை அளந்து பாருங்கள். மோட்டார் ஓடாத நாளில், விடியக்காலையில் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்குத் தப்பும். போர் மட்டும் இருப்பவர்கள், மோட்டார் போட்டு எத்தனை நிமிஷத்தில் தண்ணீர் விட்டு விட்டு வருகிறது என்று குறியுங்கள். மோட்டார் ரூம் சுவரிலேயே கரியால் எழுதலாம், தேதியோடு. மூன்று வருஷ எண்கள் சேர்ந்த பிறகு, அடுத்த போர் போடலாமா, கரும்பை மாற்றிக் கடலை போடலாமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடமும் அவர் அளவைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வரப்புத் தகராறு இருந்தாலும் பரவாயில்லை, கேளுங்கள். இரண்டு பேருக்கும் கீழே இருப்பது ஒரே தண்ணீர்.